இயேசுவின் பிள்ளைப் பருவத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையின் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். நவம்பரில் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை தொடங்கியதும் பெற்றோரும் புதிதாகச் சேரும் ஆசிரியர்களும் ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள். பிள்ளைகள் கேட்பவை அவற்றைவிடக் கடினமானவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வசனங்கள் பெரும்பாலான சபைகளில் வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமத்தின்படி இருக்கின்றன.

இயேசுவின் சின்ன வயதைப் பற்றி பைபிளில் எவ்வளவுதான் இருக்கிறது?

மிகக் கொஞ்சம். நான்கு சுவிசேஷங்களில் மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே பிறப்பைச் சொல்கிறார்கள், அதுவும் முதல் இரண்டு அதிகாரங்களுக்குள். மாற்கு யோர்தான் நதியில் ஞானஸ்நானம் பெற வரும் இயேசுவிலிருந்து தொடங்குகிறார். யோவானிலும் பிறப்புக் கதை கிடையாது. பெத்லகேமில் பிறப்பு, எட்டாம் நாள் விருத்தசேதனம், எருசலேம் ஆலயத்தில் குழந்தையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தல், கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளின் (ஞானிகளின்) வருகை, எகிப்துக்குத் தப்பிப்போனது, நாசரேத்துக்குத் திரும்பியது, பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் நடந்தது. அதன்பின் ஏறக்குறைய முப்பது வயதானவராகத்தான் அவரைப் பார்க்கிறோம் (லூக்கா 3:23).

இவ்வளவு கொஞ்சமாக இருப்பதால்தான் நான் ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறேன். எதைச் சொன்னாலும், "இது பைபிளில் இருக்கிறது", "இது சபை வழிவழியாகச் சொல்லிவருவது", "இது நாம் யோசித்துப் பார்ப்பது" என்று மூன்றில் ஒன்றைச் சேர்த்தே சொல்வேன். ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது புரிகிறது. நாம் கலந்து சொல்லிவிட்டால், பதினைந்து வயதில் அதில் ஒரு பகுதி பைபிளில் இல்லை என்று தெரியவரும்போது, மீதியையும் நம்ப முடியாமல் நிற்பான். கீழே வரும் பல பதில்கள் இந்த மூன்று வகையை வைத்துத்தான் நிற்கின்றன.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

கதை கேட்கத் தெரிந்த வயதில். பாலர் பள்ளிப் பிள்ளைக்குப் பிறப்பும் மேய்ப்பர்களும் போதும். தொடக்கநிலை 3, 4-ல் எகிப்துப் பயணமும் நாசரேத்து வாழ்க்கையும். பன்னிரண்டு வயதுச் சம்பவத்தை அந்த வயதை ஒட்டியே ஆழமாகப் படியுங்கள். வரலாற்றுச் சிக்கல்கள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகு.

நாடகத்தில் மூணு ராஜா, மாடு, கழுதை எல்லாம் வருதே, அதெல்லாம் தப்பா?

தப்பில்லை, ஆனால் எது எங்கிருந்து வந்தது என்று நடிக்கிற பிள்ளைக்குத் தெரிய வேண்டும். மத்தேயு "சாஸ்திரிகள்" என்கிறார். எத்தனை பேர் என்று சொல்லவில்லை, ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று வகை, அதனால் ஆளும் மூன்று என்று மரபு கொண்டது. மாடும் கழுதையும் லூக்காவில் இல்லை. குழந்தையை முன்னணையில் (கால்நடைகளுக்குத் தீனி வைக்கும் தொட்டியில்) கிடத்தினார்கள் என்பது மட்டும் இருக்கிறது. "மாடு தன் எஜமானனையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்" என்ற ஏசாயாவின் வரியோடு (1:3) சேர்த்துப் பார்த்துத்தான் பிற்காலத்தவர் அவற்றை உள்ளே கொண்டுவந்தார்கள். உயிருள்ள விலங்குகளோடு பிறப்புக் காட்சி அமைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோவில் அவர் அப்படிச் செய்தார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழந்தை பிறந்த இரவே மேய்ப்பர்கள் வந்தார்கள். சாஸ்திரிகள் வந்தபோது பிள்ளை ஒரு வீட்டில் இருந்ததாக மத்தேயு எழுதுகிறார். மேடையில் இருவரையும் ஒன்றாக நிறுத்தினால், ஒருவராவது அதை எடுத்துச் சொல்லட்டும். எங்கள் நாடகத்தில் கதைசொல்லிக்கு அதற்கென்றே ஒரு வரி உண்டு.

டிசம்பர் 25-தான் பிறந்த நாளா?

பைபிளில் தேதி இல்லை. ரோமாபுரியில் 336-ஆம் ஆண்டளவில் அந்த நாளில் கொண்டாடியதற்குப் பதிவு இருக்கிறது. ஆர்மீனிய சபை இன்றும் ஜனவரி 6-ல் கொண்டாடுகிறது. ஹில் ஸ்திரீட்டில் 1835-ல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயத்தைக் கடந்து போகும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம்.

என் பொண்ணுக்குத் தமிழ் பைபிள் வாசிக்க வராது. இங்கிலீஷ்லயே சொல்லிட்டுப் போகலாமா?

கதையைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படிக்கிற பிள்ளைக்கும் "விருத்தியடைந்தார்", "பிரவேசித்து" போன்றவை புதிதாகத்தான் இருக்கும். அது பிள்ளையின் குறை இல்லை. சந்தேகம் கேட்கும்போது எந்த மொழியில் கேட்டாலும் தடுக்காதீர்கள். ஆழமான கேள்வியை மனதுக்கு நெருங்கிய மொழியில்தான் கேட்க முடியும்.

ஆனால் ஒரு வசனத்தையாவது தமிழில் மனப்பாடம் செய்ய வையுங்கள். நான் தேர்ந்தெடுப்பது லூக்கா 2:52: "இயேசுவானவர் ஞானத்திலும், வளர்த்தியிலும், தேவகிருபையிலும், மனுஷர் தயவிலும் அதிகமதிகமாய் விருத்தியடைந்தார்." ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் அதைச் சொல்லிக்காட்டும்போது பிள்ளைக்கு வரும் மகிழ்ச்சியைப் பார்த்திருக்கிறேன்.

ஏரோது குழந்தைகளைக் கொன்றதைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா?

ஏழு எட்டு வயதுவரை, "ராஜா குழந்தையைக் கொல்லத் தேடினான், யோசேப்பு இரவோடு இரவாகக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார்" என்று நிறுத்திக்கொள்ளலாம். இதில் பொய் எதுவும் இல்லை. அதற்குமேல் வளர்ந்த பிள்ளைகளிடம், பெத்லகேமிலும் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் கொல்லப்பட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் கிறிஸ்துமஸ் வெறும் விளக்கும் கேக்குமாகிவிடும். பல சபைகள் டிசம்பர் 28-ல் அந்தக் குழந்தைகளை நினைவுகூருகின்றன.

"நிஜமாகவே நடந்ததா, வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா?" என்று உயர்நிலை மாணவன் கேட்பான். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இந்தச் சம்பவத்தைக் குறிப்பிடவில்லை, அதைச் சொல்லிவிடுங்கள். ஏரோது அதிகாரத்துக்காகத் தன் சொந்த மகன்கள் மூவரையே கொல்லச் செய்தான் என்று எழுதியிருப்பவரும் அவரே. அதையும் சொல்லுங்கள்.

கன்னி கர்ப்பமானதை எப்படி ஆன்டி விளக்குறது? எனக்கே சங்கடமா இருக்கு.

சின்னப் பிள்ளைக்கு, "இந்தக் குழந்தை கடவுளுடைய ஆவியானவரால் வந்தது, வேறு எந்தக் குழந்தையும் அப்படி வந்ததில்லை" என்றால் போதும். அவர்கள் அதை எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள், சங்கடம் நமக்குத்தான். பதின்ம வயதில் உயிரியல் படித்தபின் கேள்வி வரும். அப்போது, இயற்கையில் இப்படி நடக்காது என்பது மரியாளுக்கும் யோசேப்புக்கும் தெரிந்தே இருந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். "இது எப்படியாகும்?" என்று முதலில் கேட்டது மரியாள். இரகசியமாக விலக்கிவிட யோசித்தவர் யோசேப்பு. மத்தேயுவும் லூக்காவும் மற்ற விவரங்களில் எவ்வளவோ வேறுபட்டாலும் இதில் ஒத்துப்போகிறார்கள். இது விசுவாசத்தால் ஏற்பது என்று சொல்ல நான் தயங்குவதில்லை, ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கலாம் என்பதுபோல் பேசுவதுமில்லை.

யோசேப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசுங்கள். ஊர் என்ன பேசும் என்று தெரிந்தே அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, பிள்ளைக்குப் பெயரிட்டு, தகப்பனாக நின்றவர். நம் பையன்களுக்கு அவரைப்போல் ஒரு ஆண்பிள்ளையைக் காட்டுவது நல்லது.

நாசரேத்தில் இயேசு என்ன செய்துகொண்டிருந்திருப்பார்? பிள்ளைகள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

நாசரேத்து கலிலேயாவின் மலைப்பகுதியில் ஒரு சின்னக் கிராமம், சில நூறு பேர் வாழ்ந்திருப்பார்கள். சுண்ணாம்புக்கல் வீடுகள், மழைநீர் சேமிக்கும் தொட்டிகள், ஒலிவ மரங்கள், திராட்சை. அந்தக் காலத்து வீடு ஒன்றின் அடையாளங்களை 2009-ல் அங்கே தொல்பொருள் ஆய்வாளர்கள் தோண்டியெடுத்தார்கள். வீட்டில் பேசியது அரமேயம், ஜெப ஆலயத்தில் வாசித்தது எபிரேயம். வீட்டில் ஒரு மொழி, படிப்புக்கு ஒரு மொழி என்று வளர்கிற நம் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடுகிறது. ஊரார் அவரைத் தச்சன் என்றார்கள் (மாற்கு 6:3). மரவேலையோடு கல்வேலையும் வீடு கட்டுவதும் அந்தத் தொழிலில் அடங்கும். சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில் செப்போரிஸ் என்ற நகரை ஏரோதின் மகன் ஏரோது அந்திப்பா அப்போது புதிதாகக் கட்டியெழுப்பினான். யோசேப்பும் மகனும் அங்கே வேலைக்குப் போயிருக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது மூன்றாம் வகை, நாம் யோசித்துப் பார்ப்பது.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஒன்று உண்டு. பெரியவரான இயேசு சொன்ன உவமைகளை எடுத்துக்கொண்டு, சிறுவனாக அவர் எதையெல்லாம் பார்த்திருப்பார் என்று பிள்ளைகளைத் தேடவிடுவேன். மாவில் புளித்தமாவைப் பிசையும் பெண், பழைய துணியில் போட்ட ஒட்டு, விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தொலைந்த காசைத் தேடும் பெண், மணல்மேல் கட்டின வீடு. எல்லாவற்றிலும் அருமையானது மத்தேயு 11:16-17. சந்தையில் உட்கார்ந்து, "உங்களுக்காகக் குழல் ஊதினோம், நீங்கள் கூத்தாடவில்லை" என்று தோழர்களிடம் குறைசொல்லும் பிள்ளைகளைப் பற்றி அவர் பேசுகிறார். விளையாட்டுச் சண்டை அவருக்குத் தெரிந்திருக்கிறது! இதைச் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

இயேசு யூதர் என்பதைச் சொல்ல வேண்டுமா?

கண்டிப்பாக. எட்டாம் நாள் சடங்கு, வருடந்தோறும் பஸ்கா பண்டிகை, ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயம் என்று அவருடைய வளர்ப்பு முழுவதும் யூத வளர்ப்பு. குழந்தையை ஒப்புக்கொடுத்தபோது குடும்பம் கொடுத்தது ஜோடிப் புறாக் காணிக்கை. ஆட்டுக்குட்டி கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு லேவியராகமம் 12:8 அனுமதித்தது அது. வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878-ல் கட்டிய மகேன் அபோத் யூத ஆலயம் இருக்கிறது, அதே தெருவில் கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் இருக்கின்றன. யூதர்கள் பைபிளுக்குள் மட்டும் இருப்பவர்கள் அல்ல, நம்மோடு இதே ஊரில் வாழ்பவர்கள் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். யூதர்களைப் பற்றி இழிவாக எதையும் வகுப்பில் பேச இடம்கொடுக்காதீர்கள்.

பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவிடம் சொல்லாமல் தங்கிவிட்டாரே, அது கீழ்ப்படியாமை இல்லையா?

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிற வயதுப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. பஸ்கா முடிந்து ஊர் திரும்பும் கூட்டத்தோடு பிள்ளை வருகிறான் என்று நினைத்து, யோசேப்பும் மரியாளும் ஒருநாள் பயணம் வந்துவிட்டார்கள். பிறகு தேடித் திரும்பி, மூன்று நாளுக்குப் பின் ஆலயத்தில் கண்டார்கள். மரியாளின் கவலையை லூக்கா மறைக்கவில்லை: "உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே." "என் பிதாவுக்கடுத்தவைகளில் நான் இருக்கவேண்டியதென்று அறியீர்களா" என்று, தாங்கள் தேடியது வீண் என்பதுபோல் வந்த பதில் அந்தப் பெற்றோருக்குப் புரியவில்லை என்பதையும் எழுதியிருக்கிறார். அதன்பின் இயேசு அவர்களோடு நாசரேத்துக்குப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்று முடிக்கிறார். பரம பிதாவுக்குரியது முதலில், அதற்காக வீட்டுக் கீழ்ப்படிதல் இல்லாமல் போவதில்லை, இரண்டும் இந்தக் கதையில் இருக்கின்றன.

பலர் கவனிக்காத ஒன்று: அவர் போதகர்களுக்குப் பாடம் நடத்தினார் என்று லூக்கா சொல்லவில்லை. அவர்கள் நடுவில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டும் வினாவிக்கொண்டும் இருந்தார். அவருடைய புத்தியையும் பதில்களையும் கண்டு எல்லாரும் பிரமித்தார்கள். மதிப்பெண்ணைத் தவிர வேறு பேச்சே இல்லாத ஒரு வருடத்தில், கேள்வி கேட்கிற பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இயேசுவைக் காட்டுங்கள். "தேர்வில் அவர்போல் முதல் மதிப்பெண் வாங்கு" என்று மட்டும் தயவுசெய்து இதை முடிக்காதீர்கள். துணைப்பாடத்துக்காக ஞாயிறு பள்ளியையே நிறுத்திவைத்த வருடத்திலும், இந்த ஒரு கதைக்காகவாவது பிள்ளையை அனுப்புங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

பன்னிரண்டிலிருந்து முப்பதுக்குள் இயேசு இந்தியாவுக்கு வந்தார் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

இந்தக் கதையைப் பரப்பியவர் நோட்டோவிச் என்ற ரஷ்யப் பத்திரிகையாளர். லடாக்கின் ஹேமிஸ் மடாலயத்தில் அதற்கான சுவடியைப் பார்த்ததாக 1894-ல் வெளியிட்டார். சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர் உடனே மறுத்தார். அடுத்த ஆண்டு ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் என்ற பேராசிரியர் அந்த மடத்துக்கே போய் விசாரித்தபோது, அப்படி ஒரு சுவடி இல்லை என்று தலைமை லாமா சொன்னார். "இவன் தச்சன் அல்லவா?" என்று நாசரேத்து ஊரார் ஆச்சரியப்பட்டதே போதிய பதில். பல வருடம் தூரதேசம் போய் வந்தவரைப் பற்றி ஊரார் அப்படிப் பேசமாட்டார்கள்.

கிருஷ்ணனுக்கு வெண்ணெய் திருடிய கதை இருக்கு, இயேசுவுக்கு ஏன் இல்லை என்று என் மாமியார் கேட்கிறார்.

ஒரே வீட்டில் இரண்டு சமயம் இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. நல்ல கேள்வி, மாமியாரை மதித்தே பதில் சொல்லுங்கள். அப்படிப்பட்ட கதைகள் எழுதப்பட்டன. இரண்டாம் நூற்றாண்டில் தோமாவின் பெயரால் எழுந்த ஒரு நூலில், ஐந்து வயது இயேசு களிமண்ணில் பன்னிரண்டு சிட்டுக்குருவி செய்து பறக்கவிடுகிறார். ஆனால் தன்மேல் இடித்த சிறுவனைச் சாகவைப்பதாகவும் அதில் வருகிறது. திருச்சபை அதை வேதமாக ஏற்கவில்லை. நான்கு சுவிசேஷங்களும் குழந்தைப் பருவத்து அற்புதம் எதையும் சொல்லவில்லை. கானாவூரில் தண்ணீரைத் திராட்சரசமாக்கியதே முதல் அற்புதம் என்கிறார் யோவான்.

தெய்வத்தைக் குழந்தையாகக் கொஞ்சும் மரபு தமிழில் ஆழமானது. காப்பு, செங்கீரை, தால் என்று பத்துப் பருவங்களாகப் பாடும் பிள்ளைத்தமிழைக் கிறிஸ்தவப் புலவர்களும் கையாண்டிருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் யோசேப்புக்கு வளன் என்று பெயரிட்டு, அவரைத் தலைவனாக்கித் தேம்பாவணி பாடினார். பிள்ளைக்குத் தாலாட்டாக இவற்றைப் பாடிக்காட்டுங்கள், கவிதை என்று சொல்லியே பாடுங்கள்.

என் மகனின் மலாய் நண்பன், "ஈசா எங்கள் நபி" என்கிறான். மகன் குழம்பிப்போய் வந்தான்.

குழம்ப வேண்டியதில்லை. குர்ஆனில் 19-ஆம் அத்தியாயத்தின் பெயரே மர்யம். கன்னிப்பிறப்பை இஸ்லாமும் ஏற்கிறது. அங்கே மர்யம் பேரீச்ச மரத்தடியில் பிரசவிக்கிறார், களிமண் பறவை பற்றிய குறிப்பும் குர்ஆனில் உண்டு. இயேசு தேவகுமாரன் என்பதை இஸ்லாம் ஏற்பதில்லை, நம் விசுவாசத்தின் மையம் அதுதான். ஒத்துப்போவது எது, ஒத்துப்போகாதது எது என்று இரண்டையும் மகனுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். நண்பனோடு வாதாடி ஜெயிக்கச் சொல்லாதீர்கள். அவன் தன் வீட்டில் என்ன கற்றான் என்று கேட்கச் சொல்லுங்கள்.

இயேசுவுக்குத் தம்பி தங்கைகள் இருந்தார்களா? கத்தோலிக்க உறவினர்கள் இல்லை என்கிறார்களே?

யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று சகோதரர் பெயர்களும், சகோதரிகள் இருந்தார்கள் என்பதும் மாற்கு 6:3-ல் உள்ளன. பிராட்டஸ்டன்ட் சபையார் பெரும்பாலும் இவர்களை மரியாளின் பிள்ளைகளாகக் கொள்கிறோம். கத்தோலிக்கர் நெருங்கிய உறவினர் என்கிறார்கள். யோசேப்பின் முந்தைய மணத்துப் பிள்ளைகள் என்பது கிழக்கத்திய சபைகளின் மரபு. ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா ஆலயத்துக்குப் போகும் அத்தை பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒன்றாக வளர்கிறார்கள், மூன்றையும் மரியாதையோடு சொல்லிவையுங்கள்.

மத்தேயுவும் லூக்காவும் முரண்படுகிறார்கள் என்று என் மகள் பட்டியலே போட்டு வைத்திருக்கிறாள்.

பாராட்டுங்கள், அவள் கவனமாக வாசித்திருக்கிறாள். லூக்காவில் குடும்பம் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு வருகிறது, எகிப்து இல்லை. மத்தேயுவில் பெத்லகேமில் தொடங்கி எகிப்து போய், யூதேயாவை ஏரோதின் மகன் அர்கெலாயு ஆள்கிறான் என்று பயந்து நாசரேத்துக்குப் போகிறது. வம்சவரலாறும் தாவீதுக்குப் பின் பிரிகிறது, மத்தேயு சாலொமோன் வழி, லூக்கா நாத்தான் வழி. இரண்டையும் முதலிலேயே ஒட்டிவிடாமல், ஒரு மாதம் மத்தேயுவை மட்டும், அடுத்த மாதம் லூக்காவை மட்டும் வாசியுங்கள். யூதர்களின் ராஜாவைத் தேடி அந்நியர் வருவதை மத்தேயுவும், ஏழை மேய்ப்பர்களுக்கு நற்செய்தி வருவதை லூக்காவும் முன்னே வைப்பது அப்போதுதான் தெரியும்.

கடினமானது குடிமதிப்புதான், அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஏரோது உயிரோடிருந்தபோது இயேசு பிறந்தார் என்கிறார் மத்தேயு, சீரியாவின் ரோம அதிபதி சிரேனியுவின் காலத்துக் குடிமதிப்புக்காகக் குடும்பம் பெத்லகேமுக்குப் போனது என்கிறார் லூக்கா. பெரும்பாலான வரலாற்றாசிரியர் கணிப்பில் ஏரோது இறந்தது கி.மு. 4. சிரேனியுவின் காலத்துக் குடிமதிப்பாக யோசேப்பஸ் சொல்வது கி.பி. 6. இதற்குப் பல விளக்கங்கள் உண்டு, எதுவும் எல்லாரையும் திருப்திப்படுத்தவில்லை என்று அவளிடம் அப்படியே சொல்லுங்கள். "கிறிஸ்து கிறிஸ்துவுக்கு முன் பிறந்தாரா?" என்றும் அவள் கேட்பாள். 6-ஆம் நூற்றாண்டில் தியோனீசியஸ் என்ற துறவி ஆண்டுகளை எண்ணியதில் சில வருடம் பிசகியது, அவ்வளவுதான்.

அவர் கடவுள் என்றால் அவருக்குக் கற்றுக்கொள்ள என்ன இருந்தது?

மேலே மனப்பாடம் செய்யச் சொன்ன வசனத்தைத் திருப்பிப் பாருங்கள். ஞானத்தில் விருத்தியடைந்தார் என்று லூக்கா கூச்சமில்லாமல் எழுதுகிறார். அவர் மெய்யான தேவன், மெய்யான மனிதர் என்று 451-ல் கல்கெதோனில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம் அறிக்கையிட்டது. மெய்யான மனிதர் என்றால் நடக்கவும் பேசவும் உளி பிடிக்கவும் கற்றிருப்பார். பத்து வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு சொன்னாலே போதும். பதினாறு வயதுக்காரரோடு, பட்ட பாடுகளினால் அவர் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று சொல்லும் எபிரெயர் 5:8-ஐச் சேர்ந்து வாசியுங்கள்.

கிறிஸ்தவரல்லாத தோழியை ஞாயிறு பள்ளிக்குக் கூட்டிவரலாமா என்று மகள் கேட்கிறாள்.

வரலாம், அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு முழுதாகத் தெரிந்து அவர்கள் சம்மதித்தால். நாடகமும் பரிசும் மட்டும் என்று சொல்லி அழைக்காதீர்கள், ஜெபமும் வேதபாடமும் உண்டு என்று அம்மாவிடமோ அப்பாவிடமோ நீங்களே பேசுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள், பெற்றோரை மீறச் சொல்லி அந்தப் பிள்ளையைத் தூண்டாதீர்கள். கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அதற்கும் பெற்றோரையே முதலில் அழையுங்கள், அவர்கள் ஹலாலோ சைவமோ சாப்பிடுபவர்கள் என்றால் அதற்கேற்பச் சமையுங்கள்.